சீந்தில் கொடி குறித்த விளக்கம்

1.

"நான் அதை வெட்டினேனா, இல்லையா? நீதான் எப்பவும் ஜன்னல்கிட்டயே உக்காந்திருக்கியே பாப்பா, சொல்லு."

இது அப்பா என்னிடம் கேட்ட கேள்வி. ஆமாம், இல்லை என்று இரண்டில் ஒரு சொல்லால் முடித்திருக்கலாம். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே விளங்காத ஓர் ஆட்டம். அப்பா கொஞ்ச நேரம் என் தலையையே பார்த்துவிட்டு, கை கழுவப் போய்விட்டார். ஏற்கெனவே ஒரு தரம் கழுவியிருந்தார்.

இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. ஒரு சொல்லில் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விழுங்கினால் அது பக்கம் பக்கமாக வளர்ந்துவிடும் என்பது என் அனுபவம். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். எழுந்தேன். நின்றேன். மணி அடிக்கும்வரை நின்றேன். மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. பிறகு அதுவே பழகிவிட்டது. இப்போது அம்மாவின் தையல் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தான் வைக்கிறேன், ஓரம் மடித்துத் தைக்கிறேன். பள்ளிக்கு வாங்கி மிச்சமான நோட்டுகளில் யாருக்கும் தெரியாமல் எழுதுகிறேன். அந்த நோட்டுகளை நான் வைத்திருக்கும் இடம்

[இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. மன்னிக்கவும்.]

2.

தொடக்கம் கிடைப்பதற்குள் நான் பட்ட பாடு.

"ஓர் ஊரில் ஒரு கொடி இருந்தது." அடித்துவிட்டேன். கொடி எல்லா ஊரிலும்தான் இருக்கிறது.

"சீந்தில் என்பது இதய வடிவ இலைகளும், காகிதம்போல உரியும் தோலும் கொண்ட ஓர் ஏறுகொடியாகும்." இதையும் அடித்துவிட்டேன். யாராவது எழுந்து நின்று வாசிக்கச் சொல்லிவிடுவார்கள்.

"அந்தக் கொடியைக் காப்பாற்றியது நா—" இங்கே பேனா நின்றுவிட்டது. இதை அடிக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும். பின்னால் தேவைப்படும்.

கடைசியில் இதுதான் நிலைத்தது:

எங்கள் மதில் சுவரை ஒட்டித் தெருவில் ஒரு மின்கம்பம் இருக்கிறது. அது சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிக்க, உச்சியிலிருந்து தரைக்குச் சரிவாக ஒரு முறுக்குக் கம்பி வருகிறது. அதற்கு ஸ்டே என்று பெயர். அப்பா லைன்மேன் என்பதால் எங்கள் வீட்டில் இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். மேலே உட்காரும் பறவைகள் எங்கிருந்தோ தின்றுவிட்டு வந்த சிவப்புப் பழத்தின் விதையைக் கீழே போட்டிருக்கின்றன. ஸ்டே கம்பியின் அடியில் எங்கள் சீந்தில் அப்படித்தான் முளைத்தது. மின்கம்பிக்கு நேர் கீழே முளைக்கும் கொடிகளில் பாதி இப்படி வந்தவைதான்.

3.

இனிக் கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள், இதில் பரீட்சை கிடையாது.

சீந்தில் முதலில் சோம்பேறிபோல இருக்கும். ஒரு முழம் வளர்ந்துவிட்டு மாதக்கணக்கில் யோசிக்கும். அப்புறம் ஒருநாள் நுனியை நீட்டும். அந்த நுனி சும்மா இருக்காது, காற்றில் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும், இருட்டில் ஸ்விட்சைத் தேடும் கைபோல. கண்ணால் பார்த்தால் அசைவது தெரியாது. ஒரு சட்டைக்கு ஐந்து பொத்தானையும் வைத்துவிட்டு நிமிர்ந்தால், முன்பு ஜன்னல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த நுனி இப்போது தெருவைப் பார்த்திருக்கும். ஏதாவது தட்டுப்பட்டால் பிடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பிக்கும். அதன் பிறகு அதன் வேகமே வேறு.

சுற்றுவதற்கு அதற்கென்று ஒரு திசை உண்டு.* ஒருமுறை, விளையாட்டாக, நான் சுவர்மேல் எட்டி நுனியை மறுபக்கமாகச் சுற்றிவிட்டேன். இரண்டு நாளில் தன்னைத்தானே அவிழ்த்துக்கொண்டு, தன் பக்கமே சுற்றிக்கொண்டது. கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

(* வலமா இடமா என்று கேட்காதீர்கள். கீழிருந்து பார்த்தால் ஒன்று, மேலிருந்து பார்த்தால் ஒன்று. அம்மாவும் நானும் இதற்காகச் சண்டையே போட்டோம். சண்டை என்றால் அம்மா பேசினாள்.)

கதாபாத்திரங்களும் இப்படித்தான் என்று இந்தக் கதையில்தான் தெரிந்துகொண்டேன். முதல் வரைவில் அப்பாவை முன்கோபியாக எழுதினேன். கத்துகிற அப்பா என்றால் கதைக்கு வசதி. பயந்த பெண்ணுக்கு உண்மையை மறைக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். நான்கு பக்கம் கத்தினார். ஐந்தாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஜன்னலோரம் வந்து, "வெளிச்சம் போதுமா பாப்பா? பல்பை மாத்தட்டுமா?" என்றார். அவர் அப்படித்தான் கேட்பார். நான்கு பக்கமும் வீண்.

4.

மழைக்காலத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, ஒரு வாரம் லைன்மேன்களுக்குத் தலைபோகிற வேலை. கம்பிகளைத் தொடும் கிளைகளையும் கொடிகளையும் கழிக்க வேண்டும். அப்பாவின் பங்குக்கு அந்த வாரம் நாற்பது கம்பங்கள். கூட வேலை செய்பவரை எல்லாரும் ஏணி என்பார்கள். ஆளும் உயரம், ஏணியைத் தூக்கி வருவதும் அவர்தான். எனக்கு அவர் ஏணிச் சித்தப்பா.

எங்கள் கம்பத்துக்கு அவர்கள் வந்த காலையில் நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, மேல வரைக்கும் போயிருக்கு. லைனை நிறுத்தச் சொல்லி எழுதிப் போட்டு, அதை முழுசா இறக்கணும்னா நாலு நாள் ஆகும்" என்றார் ஏணிச் சித்தப்பா.

"எதுக்கு? அடி போனா மேல தானா காயும். கை தொடுற உயரத்துல வெட்டு. கீழ உள்ளதை நான் வேரோட எடுத்துடறேன்."

"சொந்த வீட்டுக் கம்பம்னு சும்மா பேருக்கு வெட்டாதீங்க அண்ணே. அண்ணி பாத்துட்டு இருக்காங்க."

"நீ வெட்டுடா முதல்ல."

அடி போனால் மேலே தானாகக் காயும். இது அவர்கள் தொழிலில் எழுதாத சட்டம். மற்றக் கொடிகள் எல்லாம் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படும். அப்பா வேரைத் தோண்டி எடுத்து, குழியை மிதித்து மூடினார். வெட்டிய துண்டு ஒன்றை எனக்கு ஜன்னல் வழியாக நீட்டினார். குறுக்கே பார்த்தால் வண்டிச் சக்கரம்போல ஆரங்கள் இருந்தன. பிறகு ரிஜிஸ்டரில் அந்தக் கம்பத்தின் எண்ணுக்கு எதிரே 'முடிந்தது' என்று எழுதினார்.

பத்து நாளில் மேலே இருந்த இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா வாயில் ஊசியை வைத்துக்கொண்டே, "ம்" என்றாள்.

5.

இனிமேல்தான் என் பங்கு வருகிறது. இந்தப் பகுதியை மூன்று முறை தள்ளிப்போட்டேன். நடுவில் நோட்டுக்கு அட்டை போட்டேன்.

அடியும் இல்லை, இலையும் இல்லை. மொட்டைத் தண்டு மட்டும் ஸ்டே கம்பியைச் சுற்றிக்கொண்டு, பாதி எங்கள் மதிலுக்கு உள்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் அதிலிருந்து ஒரு நூல் இறங்குவதைப் பார்த்தேன். தையல் நூலேதான் என்று நினைத்தேன், காற்றில் போய் மாட்டியிருக்கும் என்று. மறுநாள் அது ஒரு விரற்கடை நீண்டிருந்தது. நூல் நீளாது. தையல்காரியின் மகளுக்கு இதுகூடத் தெரியாதா?

வேர்! கீழிருந்து மேலே போகவேண்டிய கொடி, மேலிருந்து கீழே வேர்விட்டுக்கொண்டிருந்தது. தண்டில் தேக்கி வைத்திருந்த ஈரத்தை வைத்துக்கொண்டு, தனக்கு மண் எங்கே இருக்கிறது என்று தேடி இறங்கியது. ஜன்னலின் குறுக்குக் கம்பிகளை வைத்து அளந்தேன். முதல் வாரத்தில் ஒரு கம்பி தாண்டியது. அடுத்த வாரத்தில் மூன்று. வெள்ளரிப் பிஞ்சின் காம்பு அளவுகூடக் கனமில்லை. ஆனால் நேராக, கொஞ்சமும் சந்தேகமில்லாமல் இறங்கியது.

தரைக்கு இன்னும் ஒரு முழம் இருக்கும்போது காற்று பலமாக அடித்தது. நூல் சுவரில் உரசி உரசி ஆடியது. அறுந்துவிடும் என்று தோன்றியது.

ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் மண் நிரப்பினேன். தண்ணீர் பிடிக்கும் டிரம்முக்குப் பின்னால், ஒரு செங்கல்மேல் வைத்தேன். நூலின் நுனியை எடுத்து மண்ணில் விட்டேன். அவ்வளவுதான். ஒரு பொத்தான் வைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

இப்போது அந்த அரைகுறை வாக்கியத்தை முடிக்கலாம்: அந்தக் கொடியைக் காப்பாற்றியது நான்.

[நான் தொடாவிட்டாலும் அது இறங்கியிருக்கும். ஒரு முழம்தானே. அப்படியானால் இது குற்ற ஒப்புதலா, பெருமையா? எழுதுகிறவளுக்கே தெரியவில்லை. மேலே போகலாம்.]

6.

ஒன்றரை மாதத்தில் மொட்டைத் தண்டில் தளிர் வந்தது. வருஷத்தின் முதல் பெருமழை ஒரு மதியம் பெய்தபோது, ஈரக் கொடியின் நுனி மேலே லைனைத் தொட்டிருக்கிறது. 'டப்' என்று ஒரு சத்தம். ஐந்து தெருக்களில் மின்சாரம் போனது. அம்மாவின் மோட்டார் மெஷின் ஒரு காலர் பாதியில் நின்றது.

மழை விட்டதும் இன்ஜினியர் வந்தார். காலணியில் சேறு படாமல் நிற்க ஒரு கல்லைத் தேடிக்கொண்டு அதன்மேல் நின்றார். ஏணிச் சித்தப்பா நீளக் கொக்கியால் நுனியை மட்டும் இழுத்துப் போட்டார். நான் ஜன்னலுக்கு உள்ளே, திரைக்குப் பின்னால்.

"ரிஜிஸ்டர்ல முடிஞ்சதுன்னு எழுதியிருக்கீங்க. மேல பாருங்க, பச்சைப்பசேல்னு இருக்கு."

"வெட்டினேன் சார். வேரோட எடுத்தேன்."

"அப்ப இது எதைத் தின்னு வளருது? கரண்டையா?"

"சார், கீழ பாருங்க. அடியே கிடையாது" என்றார் ஏணிச் சித்தப்பா.

"அடி இல்லாத கொடியா? அந்தப் பக்கம் எதாவது மரத்துல இருந்து வந்திருக்கும். கதை விடாதீங்கப்பா. நாப்பது கம்பத்துல ஒண்ணு விட்டுப்போச்சுன்னா விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க. வெட்டாமலே முடிஞ்சதுன்னு எழுதுறதுதான் தப்பு."

அப்பா அண்ணாந்து பார்த்தார். எந்த லைன்மேனும் மேலேதான் பார்ப்பார். மதிலுக்கு இந்தப் பக்கம், சொந்த வீட்டு டிரம்முக்குப் பின்னால் குனிந்து பார்க்க யாருக்குத் தோன்றும்?

"திங்கக்கிழமை எழுத்துல விளக்கம் குடுங்க. அதுவரைக்கும் இந்தக் கொடியை யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் கல்லிலிருந்து இறங்கினார். நேராகச் சேற்றில்.

இப்படியாக, சீந்திலுக்கு அரசாங்கப் பாதுகாப்பு கிடைத்தது.

(இன்ஜினியரைக் கெட்டவராக எழுதலாமா என்று யோசித்தேன். சேற்றில் மிதித்ததும் அவர் தன் காலணியைப் பார்த்த விதம் பாவமாக இருந்தது. விட்டுவிட்டேன்.)

7.

நான் எதிர்பாராதது இதுதான். அப்பா இன்ஜினியர்மேல் கோபப்படவில்லை. தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார்.

வெளியே கிளம்புவார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து, பூட்டை இழுத்துப் பார்ப்பார். மின்விசிறியை நிறுத்துவார், மறுபடி வந்து ஸ்விட்சைத் தொட்டுப் பார்ப்பார். "நான் குளிச்சிட்டேனா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"தலையில தண்ணி சொட்டுது. அப்புறம் என்ன கேள்வி?" என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. அப்போதுதான் என்னிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் அந்த ஆட்டத்தை ஆட்டினேன்.

சனிக்கிழமை ஏணிச் சித்தப்பா வந்தார்.

"அண்ணே, நான்தானே வெட்டினேன்? என் கையால வெட்டினேன். உங்களுக்கு எதுக்கு இந்தச் சந்தேகம்?"

"நாப்பது கம்பம்டா. இலை காஞ்சதைப் பாத்தேன்தான், ஆனா வெட்டின கொடி திரும்பப் பச்சையா நிக்குமா? இதைத்தான் வெட்டினோமா, அந்த முக்குல இருக்கறதை வெட்டினோமா? நீ சத்தியம் பண்ணுவியா?"

ஏணிச் சித்தப்பா தன் கையை விரித்துப் பார்த்தார். மூடினார். அவருக்கும் அந்தச் சந்தேகம் தொற்றிக்கொண்டது.

"ஸ்டோர்ஸ்ல ஒரு இடம் இருக்காம்" என்றார் அப்பா. "நானே கேட்டு வாங்கிக்கிறேன். கை என்ன செஞ்சுதுன்னு தெரியாத ஆளு கம்பத்துல ஏறக்கூடாது. ஃபியூஸை எடுத்தேனா இல்லையான்னு மேல போய் யோசிச்சா என்ன ஆகும்?"

இருபத்தாறு வருஷம் ஏறியவர். உச்சியில் நின்றால் எந்த மாடியில் யார் துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்று சொல்வார். மழைக்கு முந்தின காற்று தரைக்கு வருவதற்கு முன்பு அவருக்குத்தான் வருமாம். அவர் இனி ஒரு ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பார். பெயிண்ட் டப்பா வைத்தவள் நான்.

"பாப்பா, உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும். நான் சொல்றேன், விளக்கத்தை நீ எழுது."

அவர் சொன்னார்: "மேற்படி கம்பத்தில் கொடியை வெட்டியதாக நினைத்து, வெட்டாமலே முடிந்தது எனப் பதிவு செய்துவிட்டேன். என் கவனக்குறைவை மன்னித்து, என்னை—"

"என்னை" வரை எழுதினேன். பிறகு பேனாவில் மை இல்லை என்று உதறிக் காட்டினேன். மை இருந்தது.

8.

முடிவுகள். எனக்கு மூன்று கிடைத்தன.

முதலாவது: ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் நூலை அறுத்து, டப்பாவைச் சாக்கடையில் போட்டுவிடுகிறாள். கொடி காய்ந்துபோகிறது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அப்பா ஸ்டோர்ஸில். அவள் வளர்ந்து பெரிய ஆளாகிறாள், இதை நினைத்து அவ்வப்போது கண் கலங்குகிறாள். இந்த முடிவை எழுதினால் அழகாக வரும். அதனாலேயே எனக்கு அதன்மேல் பயம்.

இரண்டாவது: அவள் அலுவலகத்துக்கு ஓடுகிறாள். இன்ஜினியர் மேசைமுன் நின்று, கணீரென்ற குரலில், "சார், என் அப்பா பொய் சொல்லவில்லை!" என்கிறாள். எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். இதை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கணீரென்ற குரலா? யாருக்கு? மறுபக்கம் சுற்றிவிட்ட கொடிதான். அவிழ்ந்துவிட்டாள்.

மூன்றாவது: அப்பாவே ஒருநாள் தற்செயலாகக் குனிகிறார், பார்த்துவிடுகிறார். தற்செயல் என்ற சொல்லை எழுதும்போது என் காது சூடாகிவிட்டது. எழுதுகிறவளின் சோம்பேறித்தனத்துக்குத்தானே அந்தப் பெயர்?

9.

ஞாயிறு மாலை. விளக்கக் கடிதத்தை, ஸ்டோர்ஸுக்கு மாற்றச் சொல்லும் கடைசி வரியையும் சேர்த்து, அப்பா சொன்னபடியே நல்ல காகிதத்தில் எழுதி முடித்துவிட்டேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதை மேசையில் வைக்கப்போகிறேன்.

பக்கத்தில் இந்த நோட்டையும் திறந்து வைக்கப்போகிறேன், முதல் பக்கத்தில்.

ஆக, இதுவரை 'நீங்கள்' என்று கூப்பிட்டது யாரை என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. அப்பா, ஐந்தாம் பகுதிக்கு வந்ததும் டிரம்முக்குப் பின்னால் பாருங்கள். நூல் இப்போது கொஞ்சம் தடித்திருக்கிறது. டப்பாவின் துருப்பிடித்த அடியைத் துளைத்துத் தரைக்கே போய்விட்டது. வெட்டினீர்கள். நீங்களும் சித்தப்பாவும்தான் வெட்டினீர்கள். இதையே அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். எனக்கு இவ்வளவு நீளமாகத்தான் வருகிறது.

10.

இது வேறு நோட்டு. அம்மா அளவு குறிக்கும் நோட்டின் கடைசிப் பக்கங்கள். முந்தைய ஒன்பது பகுதிகளும் இப்போது என்னிடம் இல்லை. எங்காவது சொன்னதையே திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திங்கள் காலை. அப்பா கடிதத்தை எடுத்தார், படித்தார், பேனாவைத் திறந்தார். நோட்டைப் பார்த்தார். பேனாவை மூடினார். நின்றுகொண்டே படித்தார். நான் திரைக்குப் பின்னால் ஒரே பொத்தானை நாலு தடவை வைத்தேன். அப்பா வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது. கத்துகிற நான்கு பக்கத்தைப் பற்றிப் படித்திருப்பார் போலிருக்கிறது, ஓரிடத்தில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு ஓரிடத்தில் விரல் வெகுநேரம் நகரவில்லை.

பின்பக்கம் போனார். டிரம் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

வெட்டுக்கத்தியின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா மெஷினை ஓட்டினாள், ஒரு முழு நீளப் பாவாடையின் ஓரம். ஒன்றுமே கேட்கவில்லை. வெட்டியிருக்கலாம். வெட்டாமல் நூலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். தொட வேண்டாம் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார்தான், ஆனால் அது மதிலுக்கு அந்தப் பக்கம். இதை எழுதும்வரை நான் பின்பக்கம் போகவில்லை. நீங்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நான் கேட்க மாட்டேன்.

அப்பா உள்ளே வந்தார். மணிக்கட்டு வரை மண். கை கழுவவில்லை. கடிதம் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. நோட்டை எடுத்து மூடினார், அட்டையில் ஐந்து விரலும் பதிந்தது. கையுறை வைக்கும் பைக்குள் அதை வைத்தார். ஏறும்போது கட்டும் இடுப்புப் பட்டையை ஆணியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டார். போன வாரம் முழுக்க அது அந்த ஆணியில்தான் தொங்கியது.

வாசலில் நின்று திரும்பி என்னைப் பார்த்தார். நான் திரையை விலக்கி வெளியே வந்திருந்தேன்.

தலையை ஆட்டினேன். இந்த முறை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். மேலும் கீழும், மூன்று தரம்.

அவர் பூட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஸ்விட்சைத் திரும்பிப் பார்க்கவில்லை. படியிறங்கிப் போனார்.